வெண்ணெய் எழுதிப் பார்த்து வாங்கிய பேனா

விலை உயர்ந்த இங்க் பேனா ஒன்று வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனி, தங்க நிப்பா என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள்? பேனாவுக்கு என்ன மொழி என்று திருப்பிக் கேட்பார்கள். நிப்புக்கு உண்டு. ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் நிப், தமிழில் மூன்று சுழி ‘ண’ எழுதும்போது சுழிகளையெல்லாம் மையால் அடைத்துக் கரும்பொட்டாக்கிவிடும். இணையத்தில் பேனாவைப் பற்றிக் கொட்டிக் கிடக்கும் விமர்சனங்களில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தில் எழுதிப் பார்த்துச் சொன்னவை. தமிழ் எழுதிப் பார்த்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. நான் இப்போது வாங்கியிருக்கும் பேனாவைத் தமிழில்தான் சோதித்தேன். அதை விரிவாகவே சொல்கிறேன்.

பேனாவின் பெயர் பெலிக்கன் சூவரேன் எம் 800. பச்சைக் கோடு போட்ட உடல், கருப்பு மூடி, 18 காரட் தங்க நிப், ஃபைன் முனை. ஜெர்மனியில் செய்தது. விலை பல பத்தாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு அது என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடையில்

சென்னையில் பழைய பேனாக் கடை ஒன்றில்தான் பார்த்தேன். மேசையில் மூன்று பேனாக்களை வைத்தார்கள். முதலாவது மோன்பிளாங்க் 149. 1952-இல் வந்த வடிவம். சுருட்டு மாதிரிப் பருமன், நிப்பின் மேல் 4810 என்று பொறித்திருக்கும். மோன்பிளாங்க் சிகரத்தின் உயரம் மீட்டரில். இரண்டாவது ஜப்பானின் பைலட் கஸ்டம் 823. வால் திருகைக் கழற்றிப் பின்னால் இழுத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மை சரேலென்று ஏறிக்கொள்ளும். மூன்றாவது இந்தப் பெலிக்கன்.

கடைக்கார அண்ணன் பெலிக்கனில் மீடியம் நிப்பை எடுத்து நீட்டினார். “மீடியம் பாருங்க சார், எல்லாரும் அதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க. கையெழுத்துப் போட நல்லா இருக்கும்.”

“எனக்குப் பக்கம் பக்கமா தமிழ் எழுதணும்ணே. ஃபைன் இருந்தா குடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் மையில் முக்கிக் கொடுத்தார். கடையில் இப்படி முக்கி எழுதும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். முக்கிய நிப்பின் அடியிலுள்ள நாக்கில் அளவுக்கு மீறி மை ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் சில வரிகள் பேனாவின் இயல்பைவிட ஈரமாகவும் தடிமனாகவும்தான் விழும். அந்த ஈரத்தைப் பார்த்து “ஆஹா, என்ன வழவழப்பு” என்று முடிவெடுத்துவிடக் கூடாது. அரைப் பக்கமாவது எழுதி, மிகுதி மை வடிந்த பிறகு விழும் கோடுதான் நம் வீட்டில் விழப்போகும் கோடு.

மீடியத்தில் ‘வெண்ணெய்’ என்று எழுதினேன். ‘ண’ இரண்டும் கட்டியாக விழுந்தன. ஃபைனில் எழுதினேன். சுழிக்குள் வெள்ளை தெரிந்தது. அங்கேயே முடிவாகிவிட்டது.

கூழைக்கடாவின் வீடு

பெலிக்கன் என்றால் நம்மூர்க் கூழைக்கடா. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பார்க்கிறோமே, அதே குடும்பத்துப் பறவை. கம்பெனி தொடங்கியது 1838-இல், ஜெர்மனியின் ஹனோவர் நகரில், ஓவிய வண்ணமும் மையும் செய்யும் ஆலையாக. அங்கே வேதியியலாளராகச் சேர்ந்து பிறகு அதை வாங்கிய குந்தர் வாக்னர், தன் குடும்பச் சின்னத்தில் இருந்த பறவையையே 1878-இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். இன்றும் மூடியின் உச்சியில் தாய்ப்பறவையும் ஒரு குஞ்சும் இருக்கின்றன. மூடியின் கிளிப்பும் பறவையின் நீண்ட அலகு வடிவில்தான் இருக்கும். சட்டைப் பையில் செருகினால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மை செய்துவிட்டுத்தான் இவர்கள் பேனா செய்ய வந்தார்கள். முதல் பெலிக்கன் பேனா 1929-இல் வெளிவந்தது. தியோடர் கோவாக்ஸ் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்ற பிஸ்டன் அமைப்பை வாங்கி அதில் பொருத்தினார்கள். அதற்கு முன்பு டிராப்பரால் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது, அல்லது உள்ளே ரப்பர் பை வைத்து அதை நசுக்கி உறிஞ்சவிடுவது என்பதுதான் வழக்கம். பிஸ்டனில் ரப்பர் பை கிடையாது. பேனாவின் உடலே மைக்கூடு. வாலைத் திருகினால் உள்ளே அடைப்பு முன்னும் பின்னும் நகரும். வால் திருகு கொஞ்சமே வெளியே வரும். பிஸ்டன் அதைவிட நீண்ட தூரம் போய்வரும். திருகுப் புரியில் செய்த அந்தச் சூட்சுமம்தான் கோவாக்ஸின் கண்டுபிடிப்பு. ஆரம்பத்தில் அடைப்புக்குத் தக்கை வைத்தார்கள். பிறகு செயற்கைப் பொருள் வந்தது. அடிப்படை இன்றும் அதேதான்.

சூவரேன் வரிசை 1982-இல் எம் 400-உடன் தொடங்கியது. 1987-இல் எம் 800, 1997-இல் எம் 1000. எண் ஏற ஏற உடலும் பெரிதாகும். சிறிய கைக்கு 400, நடுத்தரக் கைக்கு 600, எனக்கு 800. ஆயிரம் என் கைக்குப் பெரிது. அதன் நிப் மென்மையாக வளையும், அழகாக இருக்கும், ஆனால் வேகமாகத் தமிழ் எழுதும்போது கட்டுக்குள் நிற்பதில்லை.

கையில் எடுத்தால்

மூடியைக் கழற்ற ஒரு முழுச் சுற்றுகூட வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்று யோசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். நம்மூரில் மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்த நிப், ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சட்டென்று மூடிச் சட்டென்று திறக்க முடிகிற பேனாதான் சென்னை வெயிலுக்குத் தோது.

எடை முப்பது கிராமை ஒட்டி வரும். அந்த எடையில் கணிசமான பங்கு வால் பக்கம் உள்ள பித்தளைப் பிஸ்டனுக்குப் போகிறது. அதனால் மூடியைப் பின்னால் செருகி எழுதினால் வால் தாழ்கிறது. மூடியை மேசையில் வைத்துவிட்டு எழுதினால் எடை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சரியாக அமர்கிறது. அதன் பிறகு கை அழுத்த வேண்டிய வேலையே இல்லை.

இந்த அழுத்தம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டி மை. குண்டு உருண்டால்தான் அது வரும், குண்டு உருள அழுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதில் எழுதிப் பழகிய விரல்கள் எந்தப் பேனாவைக் கொடுத்தாலும் நெரிக்கும். இங்க் பேனாவில் மை நீர் போன்றது. நிப்பின் நடுவே உள்ள மெல்லிய பிளவு, நுண்துளைக் கவர்ச்சியால் மையை முனைவரை இழுத்துவந்து வைத்திருக்கும். காகிதத்தைத் தொட்டால் போதும், காகிதமே உறிஞ்சிக்கொள்ளும். கை வலிக்கிறது என்று எழுதுவதையே விட்டுவிட்டவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நல்ல இங்க் பேனா ஒன்றைப் பிடித்து அழுத்தாமல் எழுதிப் பழகுங்கள் என்பதுதான். அதற்கு விலை உயர்ந்த பேனாவே வேண்டும் என்பதில்லை.

உடலின் பச்சைக் கோடுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒளி புகும் கோடும் புகாத கோடும் அடுத்தடுத்து ஓடுகின்றன. மேசையில் இருக்கும்போது அடர்பச்சைப் பட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோடுகளின் இடைவெளியில் உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. அழகும் பயனும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

தமிழ்ச் சோதனை

ஆங்கிலத்தில் பெரும்பாலும் கோடுகள் கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றன. இழுக்கும்போது நிப்பின் இரு கால்களும் சற்றே விலகி மை தாராளமாக வரும். தள்ளும்போது, அதாவது மேல்நோக்கி ஏற்றும்போது, கால்கள் நெருங்கும், மை குறையும், முனையின் விளிம்பு சரியாக மெருகேறாமல் இருந்தால் காகிதத்தைப் பிராண்டும். தமிழில் நாம் எல்லாத் திசையிலும் போகிறோம். ‘ப’ எழுதிப் பாருங்கள்: இறக்கி, வலப்பக்கம் இழுத்து, நேராக மேலே தள்ளுகிறோம். ‘ம’, ‘ய’, ‘ழ’ எல்லாவற்றிலும் இந்த ஏற்றம் உண்டு. ‘இ’ எழுதினால் முனை ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சுற்றி வருகிறது.

முதல் சோதனை ‘ப’. ஒரு வரி நிறைய எழுதினேன். எம் 800 ஏற்றத்தில் தடுமாறவில்லை. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் கோட்டின் கருமையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்குப் பாராட்டு தங்கத்துக்குப் போகக் கூடாது. காகிதத்தைத் தொடுவது தங்கம் இல்லை. நிப்பின் நுனியில் பற்றவைத்திருக்கும் மிகக் கடினமான உலோகக் கலவையின் குட்டி உருண்டைதான் தொடுகிறது. அதை எப்படி மெருகேற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு தங்கம் எதற்கு? பழைய மைகளில் இருந்த அமிலம் எஃகை அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. அந்தக் காரணத்தால் வந்த வழக்கம் இது. இன்றைக்கு எஃகு நிப்பிலும் அருமையாக எழுதும் பேனாக்கள் உண்டு.

இரண்டாவது சோதனை சுழி. எட்டு மில்லிமீட்டர் கோடு போட்ட நோட்டில் என் ‘ண’ நான்கு மில்லிமீட்டர் அகலம் வரும். அதில் ஒவ்வொரு சுழிக்கும் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும் மீடியம் கோட்டை அதற்குள் வளைத்தால் உள்ளே வெள்ளைக்கு இடம் ஏது? ஃபைனில் கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வெண்ணெய், கண்ணன், மஞ்ஞை, ஔவையார், ஒற்றை என்று எழுதிக்கொண்டே போனேன். சுழிகள் திறந்திருந்தன. ‘ஞ’ மட்டும் வேகமாக எழுதினால் நெருக்கமாகிறது. சற்று நிதானித்தால் சரியாகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெலிக்கனின் ஃபைன், ஜப்பானியப் பேனாக்களின் மீடியத்தை ஒத்த தடிமன். கோடுகள் நெருங்கிய காஞ்சி எழுத்துகளை எழுதுகிறவர்கள் என்பதால் ஜப்பானில் நிப்பை மெலிதாகவே செய்கிறார்கள். உங்கள் கையெழுத்து பொடி எழுத்தாக இருந்தால், பெலிக்கனில் எக்ஸ்ட்ரா ஃபைன் பாருங்கள், அல்லது பைலட், சைலர், பிளாட்டினம் பக்கம் போங்கள். பிளாட்டினம் 3776 இந்தப் பேனாவைவிட விலையில் எவ்வளவோ குறைவு. ஃபூஜி மலையின் உயரம்தான் அந்த எண். அதன் மூடி காற்றுப்புகாமல் அடைக்கும் அமைப்பு கொண்டது. நம் வெயிலில் வாரக்கணக்கில் சும்மா கிடந்தாலும் எழுதும். தமிழ் எழுத அது மிக நல்ல தேர்வு.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம்: புள்ளி. தமிழில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை மெய்யெழுத்து, எத்தனை புள்ளி! புள்ளி என்பது நிப் போடும் கோடுகளிலேயே மிகச் சிறியது. காகிதத்தைத் தொட்ட கணத்திலேயே மை வந்தாக வேண்டும். சில நிப்புகளை வழவழப்புக்காக அளவுக்கு மீறி மெருகேற்றிவிடுவார்கள். அப்போது பிளவின் உள்விளிம்பு காகிதத்தைத் தொடாமல் மேலே நின்றுவிடும். நீளமான கோட்டில் முதல் மயிரிழை விடுபட்டுப் பிறகு மை வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். புள்ளியில் அப்படி இல்லை. விடுபட்டால் புள்ளியே இல்லை. ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் குறையில்லாமல் எழுதும் பேனா தமிழில் காலை வாருவது இந்த இடத்தில்தான்.

எம் 800-இல் ஒரு பக்கம் முழுக்க வேகமாக எழுதிவிட்டு, புள்ளிகளை மட்டும் தேடிப் படித்தேன். ஒன்றும் விடுபடவில்லை. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் தனித்தனியாக, ஒரே அளவில் நின்றன. இந்தப் பேனாவின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான்.

மையும் காகிதமும்

மை ஏற்றுவது எளிது. நிப் முழுவதும் மூழ்குமாறு பாட்டிலில் இறக்கி, வாலை இடப்பக்கம் திருகிப் பிஸ்டனை இறக்குங்கள், வலப்பக்கம் திருகி ஏற்றுங்கள். இரண்டு மூன்று சொட்டைத் திரும்ப விட்டுவிட்டு, மீண்டும் வலப்பக்கம் திருகி மூடி, நிப்பைத் துடையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றேகால் மில்லிக்கு மேல் ஏறும். மற்றப் பேனாக்களில் உள்ளே செருகும் மைக்குழலான சாதாரணக் கன்வர்ட்டர் கொள்வதைவிட இது நன்றாகவே கூடுதல். நீளமாக எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி பாட்டிலைத் திறக்கும் தொல்லை இல்லை.

எம் 800 மையைத் தாராளமாக விடும் பேனா. அதனால் சற்று வறண்ட மை இதற்குப் பொருத்தம். பெலிக்கனின் சொந்த மையான 4001 ராயல் புளூ அப்படிப்பட்டது. கோடு கட்டுக்குள் நிற்கிறது, சுழிகள் இன்னும் தெளிவாகின்றன. ஆனால் அது தண்ணீரில் கரையும், வெயிலில் வெளிறும். நாட்குறிப்புக்கும் முதல் வரைவுக்கும் நல்லது, பத்திரத்துக்கும் விண்ணப்பத்துக்கும் ஆகாது. 2011-இல் அவர்கள் கொண்டுவந்த எடல்ஸ்டைன் வரிசை நிறத்தில் செழிப்பு, ஓட்டத்தில் ஈரம். பள்ளிக்கூட நாட்களில் நாம் ஊற்றிய கேமலும் பிரிலும்கூட இங்க் பேனாவுக்கென்றே செய்த சாய மைதான், ஊற்றலாம். ஊற்றவே கூடாதது ஓவியத்துக்கான டிராயிங் இங்க். அதில் சேர்க்கும் அரக்கு உள்ளே காய்ந்து நாக்கின் வழிகளை நிரந்தரமாக அடைத்துவிடும்.

காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான நோட்டுத் தாளில் மை நார்நாராகப் பரவும், ஃபைன் கோடு மீடியம் ஆகும், நாம் பார்த்துப் பார்த்து நிப் தேர்ந்தெடுத்த பயன் போய்விடும். ஜெராக்ஸ் தாளிலும் பரவல் உண்டு. நூறு ஜி.எஸ்.எம். பாண்டு பேப்பர் போதும்; அதற்கும் மேலே போக விரும்புகிறவர்கள் மை பரவாத ஜப்பானியத் தாள் வாங்கிப் பார்க்கலாம்.

பராமரிப்பு

மையின் நிறத்தை மாற்றும்போதெல்லாம் சாதாரணத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக் கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். கோடு போட்ட உடலுக்கு அது கெடுதல். இந்தப் பேனாவில் நிப்பும் நாக்கும் சேர்ந்த தொகுதியை மரையிலிருந்து அப்படியே திருகி எடுத்துவிடலாம். கழுவுவது சுலபம். நிப் கீழே விழுந்து வளைந்தால் அந்தத் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும், பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம். 1930-களின் பெலிக்கன்களைத் தக்கை மாற்றி இன்றும் எழுதுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கொடுத்த பணத்தில் நான் நியாயம் காண்பது இந்த இடத்தில்தான். பழுது பார்க்க முடிகிற பொருள் அரிதாகிவரும் காலம் இது. என் பேத்தி எழுதப் பழகும் வயதில் இதே பேனாவின் அடைப்பை மாற்றி அவள் கையில் கொடுக்க முடியும்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

தினமும் இரண்டு பக்கமாவது கையால் எழுதுகிறீர்கள், கை நடுத்தரத்துக்கு மேல் பெரிது, எழுத்தும் சற்றுப் பெரிது என்றால் எம் 800 ஃபைன் உங்களுக்கானது. பொடி எழுத்துக்காரர்களுக்கு ஜப்பானிய நிப். கடன் வாங்கி வாங்க வேண்டிய நிலையில் யாரும் இதை வாங்க வேண்டாம். திருவள்ளூரில் கடைந்து செய்யும் ரங்கா எபனைட் பேனாக்களில் நல்ல ஃபைன் நிப் ஒன்றைப் பொருத்திக்கொண்டால், இந்த விலையில் சிறு பங்குக்குக் கையில் இதமாக அமரும் பேனா கிடைக்கும். எபனைட் உடலின் தொடுசுகம் தனி; அதில் எழுதுகிறவர்கள் எம் 800-ஐப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் கடையில் வெறும் கையெழுத்துப் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். நம்மில் பலர் கையெழுத்தையே ஆங்கிலத்தில்தான் போடுகிறோம். அது நிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடைக்காரரிடம் ஒரு முழுத் தாள் கேளுங்கள், தயங்காதீர்கள், நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு கொடுப்பார். ஒரு வரி ‘ப’, ஒரு வரி ‘ண’, புள்ளி நிறைந்த ஒரு பத்தி. இவ்வளவுதான் சோதனை. எந்த நிப் தமிழுக்கு எப்படி வந்தது என்பதை மறக்காமல் தமிழிலேயே எழுதிவையுங்கள். அப்படிப் பத்துப் பேர் எழுதிவைத்தால், அடுத்துப் பேனா வாங்கப் போகிறவர் ரோமன் எழுத்துக்காரர்களின் கையை நம்பித் தன் நிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது.